பலூன் விடாம மேல காத்து, சூடு, ஈரப்பதம் எல்லாம் அளக்க முடியுமா?

முடியும், தானாவே நடக்குது. பலூன்ல கருவியைக் கட்டி காலைல 5:30, சாயங்காலம் 5:30ன்னு விடுறதுதான் நம்ம ஊர் வழக்கம், நடுவுல மதியம் இடிமேகம் கட்டினா அந்த பலூனுக்கு எப்படித் தெரியும், அதுக்குத்தான் தரையில இருந்தே மேல காத்தைப் பார்க்கிற ரேடார், விண்ட் ப்ரொஃபைலர்னு பேரு.

திருப்பதி பக்கம் காடங்கில அந்த மாதிரி பெரிய ரேடார் ஒண்ணு இருக்கு, 53 மெகாஹெர்ட்ஸ், 1024 ஆன்டெனா, தூர்தர்ஷன் காலத்து மொட்டைமாடி ஆன்டெனாவை எல்லாம் கொண்டுவந்து வரிசையா நட்டு வெச்ச மாதிரி இருக்கும். அது அனுப்புற அலை, மேல காத்து கலங்கி சூடும் ஈரமும் திட்டுத்திட்டா இருக்கிற இடத்துல பட்டு துளியூண்டு திரும்பி வரும், காத்து நகர்றதால அதோட அதிர்வெண் லேசா மாறியிருக்கும் (ஆம்புலன்ஸ் தாண்டிப் போனா சைரன் சத்தம் மாறுதுல்ல, அதே கதை). நேர் மேலயும் சாய்வாவும் மாத்தி மாத்திப் பார்த்தா வேகம், திசை ரெண்டும் கிடைச்சிரும்.

சூட்டுக்கு பண்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஸ்பீக்கர் வெச்சு மேல சத்தம் விடுவாங்க, ரேடார் அந்த சத்தத்தையே துரத்தும். 1 டிகிரி கூடினா ஒலி நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் வேகமா போகும், அதை வெச்சு கணக்கு. ஊருக்குள்ள வெச்சா அக்கம்பக்கத்துல தூங்க முடியாது!

ஈரப்பதத்துக்கு மைக்ரோவேவ் ரேடியோமீட்டர். அது எதையும் அனுப்பாது, நீராவி தானா 22 கிகாஹெர்ட்ஸ் பக்கம் விடுற அலையை வாங்கிக்கும், ஆனா எந்த உயரத்துல எவ்வளவுன்னு துல்லியமா பிரிக்காது, மழைல மேல்மூடி நனைஞ்சா ரீடிங்கும் குழம்பிடும்.