கிட்னி மாற்றியவருக்கு எந்த ஆன்டிபயாடிக் ஆகாது?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் கணவருக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் கிட்னி மாற்று ஆபரேஷன் நடந்தது. மாமியார் கொடுத்த கிட்னி. டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் மூன்றையும் தவறாமல் சாப்பிடுகிறார். வலையில் மீன் கழிக்கும்போது கெளுத்தி முள் ஏறிக் கை வீங்கிவிட்டது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னதால் பக்கத்து கிளினிக்கில் கிளாரித்ரோமைசின் மாத்திரை எழுதி, ஐந்து நாளைக்கு ஜென்டாமைசின் ஊசியும் வலிக்கு டைக்ளோபினாக்கும் போடச் சொன்னார்கள். கிட்னி மாத்திரையோடு இவற்றைச் சேர்க்கலாமா?"

சேர்க்கக் கூடாது. கேள்வி வந்த அன்றே அவருக்குப் போனில் சொல்லியாகிவிட்டது. இந்த மூன்று மருந்தும் ஒரே சீட்டில் வருவது அபூர்வமில்லை என்பதால் விளக்கமாக எழுதுகிறேன்.

உடம்பு புதுக் கிட்னியைத் தாக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ், மிகக் குறுகிய வரம்புக்குள் வேலை செய்யும் மருந்து. மாற்று நடந்து சில வருடம் ஆனவருக்கு, ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 5 முதல் 8 நானோகிராம் இருந்தால் போதும். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இதற்குக் கீழே போனால் உடம்பு புதுக் கிட்னியை அந்நியமாகப் பார்த்துத் தாக்கும். மேலே போனால் மருந்தே கிட்னியைக் கெடுக்கும்.

நாம் விழுங்கும் டாக்ரோலிமஸில் பெரும்பகுதியைக் குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள ஒரு நொதி உடைத்துவிடுகிறது. அந்த இழப்பையும் கணக்கில் வைத்துத்தான் டாக்டர் அளவு எழுதுகிறார். கிளாரித்ரோமைசினும் எரித்ரோமைசினும் அந்த நொதியை முடக்கிவிடும். மாத்திரை அதே மாத்திரைதான், ஆனால் ரத்தத்தில் சேர்வது இரண்டு மூன்று மடங்குகூட ஆகலாம், அதுவும் ஓரிரு நாளில். அதிகமான டாக்ரோலிமஸ், கிட்னிக்குள் ரத்தம் கொண்டுவரும் நுண்குழாயை இறுக்கும். படகு இன்ஜினுக்கு டீசல் போகும் ஓஸைக் காலால் மிதித்த மாதிரி. கை நடுக்கம், தலைவலி, பிரஷர் ஏறுவது எல்லாம் வரலாம். பல பேருக்கு ஒன்றுமே தெரியாது, சிறுநீர்கூட வழக்கம்போலப் போகும். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் மட்டும் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டாக்ரோலிமஸ் 1984-ல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து கிடைத்தது. எரித்ரோமைசினும் மண் நுண்ணுயிரி தந்ததுதான், அதிலிருந்து செய்ததே கிளாரித்ரோமைசின். வேதியியலில் எல்லாம் மேக்ரோலைடு என்ற ஒரே வம்சம். பங்காளிகளை ஒரே வீட்டில் விட்ட கதைதான்!

ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகள் வேறு வழியில் கெடுப்பவை. அவை கிட்னிக்குள் சிறுநீர் ஓடும் நுண்குழல்களின் செல்களுக்குள் தங்கி அவற்றையே சாகடிக்கும். டைக்ளோபினாக்கோ, டாக்ரோலிமஸ் இறுக்கும் அதே ரத்தக்குழாயைத் தானும் சுருக்கும். நம் ஊரில் "ஒரு ஊசி போட்டுவிடுங்க டாக்டர், மாத்திரை கேட்காது" என்று கேட்டு வாங்கும் பழக்கம் இருக்கிறதே, கிட்னி மாற்றியவர் அதை அடியோடு விட வேண்டும்.

அதற்காக ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று இருந்துவிடவும் கூடாது. எதிர்ப்பு சக்தியை அடக்கி வைத்திருக்கும் உடம்பில், கடல் தண்ணீர் பட்ட காயம் சாதாரணக் காயம் இல்லை. விப்ரியோ வகைக் கிருமி ஏறினால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. கிளாரித்ரோமைசின் அந்தக் கிருமிக்கு முதல் தேர்வும் அல்ல. டாக்ஸிசைக்ளின், செபலோஸ்போரின் வகை மருந்துகள் டாக்ரோலிமஸ் அளவைப் பெரும்பாலும் கலைக்காது. மேக்ரோலைடுதான் வேண்டுமென்றால் அஜித்ரோமைசின் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. பெனிசிலின் அலர்ஜியையும் கிரியேட்டினினையும் பார்த்து எது, எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டியவர் மாற்று சிகிச்சை செய்த டாக்டர். முதல் மாத்திரைக்கு முன்பே அவருக்குப் போன் போடுங்கள். கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக், பூஞ்சைக்கான புளூகோனசோல் எழுதினாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். காசநோய்க்கான ரிபாம்பிசின் நேர் எதிர்: டாக்ரோலிமஸைத் தரைமட்டமாக்கி, கிட்னி நிராகரிப்பில் கொண்டுபோய் விடும்.

வேறு வழியில்லாமல் கிளாரித்ரோமைசின் கொடுக்க வேண்டி வந்தால், டாக்டரே டாக்ரோலிமஸைக் குறைத்து, இரண்டு மூன்று நாளில் ரத்த அளவு பார்ப்பார். நீங்களாக நிறுத்தக் கூடாது. ஆன்டிபயாடிக் முடிந்த பிறகு டாக்டரைக் கேட்டு டாக்ரோலிமஸைப் பழைய அளவுக்குத் திரும்ப ஏற்ற வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கை ஆறிவிட்டது என்று குறைத்த அளவிலேயே இருந்துவிடுகிறார்கள்.

டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் ரத்தத்தைக் காலை மாத்திரைக்கு முன்னால் எடுக்க வேண்டும், முந்தைய வேளை போட்டு 12 மணி நேரம் கழித்து. விடிகாலை பஸ் பிடித்து மதுரைக்குப் போகிறவர்கள் வழியில் டீயோடு மாத்திரையைப் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். பிறகு வரும் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு, ரத்தம் கொடுத்த பிறகு போட்டால் சரி.

மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரையை வெட்டிக் கொடுக்கும்போது, பெயர் அச்சான பக்கம் கடையிலேயே நின்றுவிடும். "தம்பி, பேரோட வெட்டிக் கொடுப்பா" என்று கேட்டு வாங்குங்கள். போனில் டாக்டர் கேட்கப்போவது அந்தப் பெயரைத்தான். ஆன்டிபயாடிக்கால் வயிற்றுப்போக்கு வந்தால் அதையும் சொல்லுங்கள், பேதியிலும் டாக்ரோலிமஸ் அளவு ஏறும்.

உங்கள் கணவருக்கு வீக்கம் முழங்கையை நோக்கி ஏறினாலோ, தோலில் கருநீலக் கொப்புளம் கிளம்பினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ உடனே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மதுரை டாக்டர் போனை எடுக்கவில்லை என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம், வண்டியில் போய்க்கொண்டே பேசிக்கொள்ளலாம்.