பேலன்ஸ் பீமில் 90 விநாடி தாண்டினால் பிள்ளைக்கு எவ்வளவு மதிப்பெண் போகும்?

கேட்டிருந்தது இது: "என் மகளுக்கு 11 வயது. ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் பேலன்ஸ் பீம் செய்துகொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. ஸ்கோர் ரொம்பக் குறைவு. நேரத்தை எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள்?"

நேரம் தாண்டியதற்குப் போவது 0.10 மட்டும். ஸ்கோர் ரொம்பக் குறைந்திருக்கிறது என்றால் அதற்கு மணி காரணம் இல்லை. மணி அடித்ததும் பிள்ளை பதறியிருப்பாள், அல்லது யாராவது அவளைப் பதற வைத்திருப்பார்கள். நீங்கள் தாயாகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மெத்தைக்கு வெளியே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்திருப்பீர்கள். அப்படி நிற்கும் தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் பி.டி. டீச்சராக இருக்கிறேன்.

சர்வதேச விதியில் பீமுக்கு, அதாவது பிள்ளை ஏறி நின்று செய்யும் அந்தக் குறுகலான கட்டைக்கு, 90 விநாடி. மெத்தையிலிருந்தோ, ஏறுவதற்கு மிதிக்கும் போர்டிலிருந்தோ கால் கிளம்பியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். இறங்கி மெத்தையைத் தொட்டதும் நிற்கும். 80ஆவது விநாடியில் ஒரு மணி அடிப்பார்கள், அது எச்சரிக்கை. 90இல் இன்னொரு மணி. இரண்டாவது மணி அடிக்கும்போதே இறங்கிவிட்டால் கழிவு இல்லை, அதற்குப் பிறகு இறங்கினால் 0.10. அப்போதும் 90 விநாடிக்குப் பிறகு செய்த உறுப்புகளை (தாவல், சுற்று மாதிரி ஒவ்வொரு வித்தையையும் உறுப்பு என்பார்கள்) தள்ளிவிட மாட்டார்கள், அவற்றுக்கும் மதிப்பு உண்டு. பலருக்கு இது தெரியாது.

நடுவில் விழுந்துவிட்டால் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். பிள்ளை எழுந்து நின்றதிலிருந்து 10 விநாடிக்குள் திரும்ப ஏற வேண்டும். அதற்குள் கையில் சாக்பொடி போட்டுக்கொள்ளலாம், பயிற்சியாளரிடம் பேசலாம். ஏறி முதல் அசைவைத் தொடங்கியதும் கடிகாரம் மறுபடி ஓடும். அதனால் "விழுந்ததால்தான் நேரம் போச்சு" என்று பிள்ளையைத் திட்டாதீர்கள்.

மதிப்பெண் இரண்டு பங்காக வரும். செய்த உறுப்புகளின் கடினத்துக்கு ஒன்று, அதை டி ஸ்கோர் என்பார்கள். எளிய உறுப்புக்கு 0.1, அடுத்ததற்கு 0.2 என்று ஏறும். அதிக மதிப்புள்ள எட்டு உறுப்புகளைக் கூட்டி, கட்டாயம் இருக்க வேண்டியவை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 0.50 சேர்ப்பார்கள். சுத்தமாகச் செய்ததற்கு இ ஸ்கோர். அது 10இல் தொடங்கிக் குறையும். உடம்பு ஆடினால் ஆட்டத்தைப் பொறுத்து 0.10, 0.30, 0.50. விழுந்தால் 1.00. நான்கு நடுவர்கள் 7.2, 7.4, 7.5, 7.9 என்று போட்டால் மேலே ஒன்றும் கீழே ஒன்றும் தள்ளிவிட்டு, நடுவில் இருப்பவற்றின் சராசரி 7.45. இரண்டையும் கூட்டிய பிறகுதான் நேரக் கழிவைக் கழிப்பார்கள்.

நான் சர்வதேச நடுவர் இல்லை. சிறு வயதுப் பிரிவுகளுக்கும் பள்ளிப் போட்டிகளுக்கும் நேரமும் உறுப்புகளின் எண்ணிக்கையும் மாறலாம். அந்தந்தப் போட்டியின் சுற்றறிக்கையைப் பாருங்கள். "டீச்சர் தப்பாகச் சொல்கிறார்" என்று கீழே வந்து சண்டை போடுபவர்களுக்காகவே இதை எழுதிவைக்கிறேன்.

இதற்கு நான் பதில் எழுத வந்ததே ஒரு பிள்ளையை நினைத்துத்தான். ஏழாம் வகுப்பு, அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். எங்கள் பள்ளியில் பீம் கிடையாது. வள்ளம் கட்டும் ஆசாரி ஒருவர் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு கட்டையை இழைத்துக் கொடுத்தார், மேலே ரெக்சின் ஒட்டித் தரையில் போட்டு அதில்தான் பழகினாள். 125 சென்டிமீட்டர் உயரத்தில் நிஜ பீமைப் போட்டி நடக்கும் ஊருக்குப் போய்த்தான் பார்த்தாள். பார்த்தும் பயப்படவில்லை.

ஒரு தடவைகூட விழாமல் செய்துகொண்டு வந்தாள். பாக்கி இருந்தது ஒரு முழுச் சுற்றும், ரவுண்ட் ஆஃப் (கை ஊன்றிப் புரள்வது) போட்டுப் பின்பக்கச் சால்டோவில் (அந்தரத்தில் அடிக்கும் குட்டிக்கரணம்) இறங்குவதும்தான். அப்போது முதல் மணி அடித்தது. எங்கள் குழுவோடு வந்திருந்த ஒருவர் பக்கத்திலிருந்து "சீக்கிரம், சீக்கிரம், டைம் முடிஞ்சிருச்சு!" என்று கத்தினார். ரொட்டீன் நடக்கும்போது பிள்ளையிடம் அப்படிப் பேசவே கூடாது, அதுவே விதிமீறல். அவள் சுற்றை விட்டுவிட்டு இறங்க ஓடினாள். கால் படவேண்டிய இடத்தில் முழங்கால் பட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சுற்று கட்டாய உறுப்பு, அதை விட்டதில் 0.50, அதன் மதிப்பு 0.10. விழுந்ததற்கு 1.00. கால் முதலில் படாததால் இறங்கியதற்கு உரிய 0.10உம் இல்லை. மொத்தம் 1.70. காப்பாற்ற நினைத்தது 0.10ஐ. அதுவும் பத்து விநாடி முழுசாகக் கையில் இருந்தபோது. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கத்தியவர் தன்னால் வந்தது என்று ஒத்துக்கொள்ளவே இல்லை. "இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கம் பத்தாது டீச்சர்" என்றார்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் என்று பேசுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். அதுவரை ரயில் மண்டபத்தோடு சரி. தீவுக்குள் இருக்கும் பிள்ளைகளைப் பையும் சோற்று வாளியுமாக பஸ்ஸில் ஏற்றி, மண்டபத்துக்கோ ராமநாதபுரத்துக்கோ கூட்டிக்கொண்டு போய், அங்கே ரயிலுக்குக் காத்திருந்து, தூக்கமில்லாமல் கொண்டுபோய்ப் போட்டியில் நிறுத்துவோம். ஊருக்குள்ளேயே அரங்கம் இருக்கும் பிள்ளை காலையில் குளித்துச் சாப்பிட்டு வந்து நிற்கும். இரண்டு பேருக்கும் ஒரே கடிகாரம். அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விழுவது உலகத்தில் யாருக்கும் நடக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் பீம் இறுதியில் அமெரிக்காவின் ஒலிம்பிக் சாம்பியன் சிமோன் பைல்ஸே விழுந்தார். 13.100 எடுத்து 5ஆம் இடம். வெண்கலம் போனது 14.000க்கு. அந்த மேடையிலும் ஒரு விழுதலுக்கு 1.00தான், நேரம் தாண்டினால் 0.10தான். சில பயிற்சியாளர்களுக்கு நான் சொல்வது பிடிக்காது, "நேரத்துக்குள் முடிப்பதும் ஒழுக்கம்தானே" என்பார்கள். ஒழுக்கம்தான். அதைப் பயிற்சியில் கொண்டுவாருங்கள். ரொட்டீனை 80, 82 விநாடிக்குள் முடிகிற மாதிரி அமையுங்கள். போட்டி நாளில் மேலே நிற்கும் பிள்ளையை விரட்டாதீர்கள்.

அதற்குப் பிறகு எங்கள் பயிற்சியில் இரண்டு மணியையும் போனில் அடித்து அடித்துப் பழக்கினேன். அடுத்த வருடம் அதே பிள்ளை இரண்டாவது மணியும் அடித்த பிறகு நிதானமாகச் சுற்றை முடித்து, சால்டோ போட்டு, ஆடாமல் நின்றாள். 0.10 போனது. மூன்றாம் இடம் வாங்கினாள்.

முறையீடு செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், பெற்றோர் நேரே போய் நடுவரிடம் கேட்க முடியாது, பயிற்சியாளர்தான் கேட்க வேண்டும். இ ஸ்கோருக்கு முறையீடே கிடையாது. டி ஸ்கோருக்கு உண்டு, ஆனால் ஸ்கோர் வந்த உடனே சொல்ல வேண்டும். அதே பாரிஸில் புளோர் (தரையில் செய்யும் பிரிவு) இறுதியில் அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸுக்கு முறையீட்டால் கிடைத்த வெண்கலம், கேட்டது 1 நிமிடம் தாண்டி 4 விநாடி தாமதம் என்று விளையாட்டு நடுவர் மன்றம் சொன்னதால் பறிபோனது. ஆகவே உங்கள் மகளின் போட்டிக்கு இப்போது ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஸ்கோர் சீட்டைப் பயிற்சியாளரிடம் கேட்டு வாங்கி, டி, இ, நேரக் கழிவு மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். வீடியோ எடுத்திருந்தால் 80ஆவது விநாடிக்குப் பிறகு அவள் என்ன செய்தாள் என்று அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.