ஒரு தளம் மட்டும் திணறினால் அது பாரபட்சமா?

கேள்வி: எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் பிராட்பேண்ட் இணைப்பு உள்ளது. ஸ்பீட் டெஸ்ட் எப்போதும் 90க்கு மேல் காட்டுகிறது. ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் மகள் பயிலும் வகுப்புத் தளத்தின் வீடியோ மட்டும் நின்று நின்று வருகிறது. மற்ற வீடியோக்கள் தடையின்றி ஓடுகின்றன. நிறுவனம் வேண்டுமென்றே குறைக்கிறதா? அது சட்டப்படி சரியா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: வேண்டுமென்றே குறைத்தால் அது சட்டப்படி தவறு. எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்தும் இணையச் சமத்துவம் குறித்து, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தந்த பரிந்துரைகளை மத்திய அரசு 2018 ஜூலையில் ஏற்று, அதே ஆண்டில் சேவை நிறுவனங்களின் உரிம நிபந்தனைகளிலும் சேர்த்தது. அதன்படி ஒரு தளத்தைத் தடுப்பது, தரத்தையோ வேகத்தையோ குறைப்பது, இன்னொன்றுக்கு முன்னுரிமை வேகம் தருவது ஆகிய அனைத்தும் பாரபட்சமே. நெரிசலைச் சமாளிக்க நிறுவனம் எடுக்கும் நடவடிக்கை தேவைக்கேற்ற அளவிலும், தற்காலிகமாகவும், வெளிப்படையாகவும் இருக்க வேண்டும். உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டா கட்டணத்தை மாற்றுவதை டிராய் 2016 பிப்ரவரி 8 அன்றே தடை செய்து, மீறலுக்கு நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் என அபராதமும் விதித்தது. இந்தியாவில், சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் நின்றது அந்த ஆணையால்தான். லட்சக்கணக்கான சாதாரணப் பயனாளர்கள் 2015இல் டிராய்க்கு மின்னஞ்சல் எழுதிப் போராடிப் பெற்ற பாதுகாப்பு இது என்பதால், உங்கள் சந்தேகத்தைக் கேள்வியாக எழுப்பியது சரியே என்பேன்.

ஆனால் நீங்கள் காண்பது பாரபட்சம்தானா என்பது கடினமான கேள்வி. ஸ்பீட் டெஸ்டின் சர்வர் பெரும்பாலும் உங்கள் நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளோ அதன் அருகிலோ இருப்பதால், அந்த 90 என்ற எண் வீட்டிலிருந்து நிறுவனம் வரையிலான பாதையை மட்டுமே காட்டுகிறது. பெரிய வீடியோ நிறுவனங்கள் தங்கள் காட்சிகளின் பிரதிகளைச் சேவை நிறுவனங்களின் வளாகத்திலேயே சேமித்து வைக்கின்றன. சிறிய வகுப்புத் தளத்தின் வீடியோவோ தொலைவிலுள்ள தரவு மையத்திலிருந்து, இரவில் நிரம்பி வழியும் இணைப்புகளைக் கடந்து வர வேண்டியிருக்கலாம். யாரும் எதையும் குறைக்காமலேயே அது திணறும். இவ்வாறு பிரதிகளைச் சேமிக்கும் சிடிஎன் ஏற்பாட்டை டிராய் தன் 2017 நவம்பர் பரிந்துரையிலேயே விதியின் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டது. இந்தப் பாதுகாப்பின் பலவீனமான இடம் இதுவே என்பது என் கருத்து. பணமுள்ள தளம் விரைவதும் இல்லாத தளம் தேங்குவதும், பார்ப்பவருக்குப் பாரபட்சம் போலத்தான் தெரியும்.

எனவே முதலில் சோதித்துப் பாருங்கள். வைஃபையை விட்டு, ரவுட்டரிலிருந்து கேபிள் மூலம் கணினியை இணைத்து அதே நேரத்தில் பாருங்கள். பிறகு வேறொரு நிறுவனத்தின் மொபைல் டேட்டாவில் பாருங்கள். அங்கும் திணறினால் குறை பெரும்பாலும் தளத்தின் சர்வரில்தான் இருக்கும். அடுத்து விபிஎன் (உங்கள் இணையத் தொடர்பை மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) வழியாகப் பாருங்கள். அதில் சீராக ஓடினால் உங்கள் வீட்டு இணைப்பில் குறையில்லை எனலாம். ஆனால் விபிஎன் நீங்கள் பார்க்கும் தளத்தை நிறுவனத்திடமிருந்து மறைப்பதோடு பாதையையும் மாற்றிவிடுவதால், அதை மட்டும் கொண்டு பாரபட்சம் என்று முடிவு கட்டக் கூடாது. மாத டேட்டா வரம்பு தீர்ந்தபின் வேகம் குறைவதும் பாரபட்சமன்று. அது எல்லாத் தளங்களையும் ஒரே அளவில் பாதிக்கும்.

ஒரு வாரம் தேதி, நேரம், கண்ட வேகம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். புகாரில் "நெட் மெதுவாக உள்ளது" என்று எழுதினால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வதோடு முடித்துவிடுவார்கள். எந்தத் தளம், எந்த நேரம், மாற்று இணைப்பில் எவ்வளவு வேகம் என்பதைத் தந்து, அத்தளத்துக்கு எந்த வகை இணையப் போக்குவரத்து மேலாண்மை (நெரிசலைச் சமாளிக்கும் கட்டுப்பாடு) நடைமுறையில் உள்ளது என எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். புகார் எண்ணைப் பெறத் தவறாதீர்கள். நிறைவான பதில் வராவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் செல்ல அந்த எண் வேண்டும். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாகத் தீர்ப்பதில்லை. நுகர்வோர் ஆணையத்தை அணுகும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதிப்படுத்தியது.

அதே குறிப்பை வகுப்புத் தளத்தாருக்கும் அனுப்புங்கள். குறை பாதையில் இருந்தால், சென்னை அல்லது மும்பையில் சர்வர் உள்ள சிடிஎன் சேவைக்கு அவர்கள் மாறுவதே விரைவான தீர்வு.