எல்லை தாண்டும் பஸ்ஸுக்கு ஜிபிஎஸ் போட்டால் பைக் குறையுமா? களியக்காவிளையில் தொடங்குவது எப்படி?

கேள்வி இது: மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கமிருந்து தினமும் திருவனந்தபுரம் போகிறவர்களில் நிறையப் பேர் பைக்கிலும் காரிலும் போகிறார்கள், ஜிபிஎஸ், ஆப் போன்றவற்றைக் கொண்டு இவர்களைப் பஸ்ஸுக்குத் திருப்பிப் புகையைக் குறைக்க முடியுமா, முடியுமென்றால் எங்கே தொடங்குவது?

முடியும். ஆனால் ஆப்பில் தொடங்கக் கூடாது.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு, பெட்ரோலுக்கு 2.31 கிலோ. லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுக்கும் பஸ், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 600 கிராம் விடுகிறது. லிட்டருக்கு 50 கொடுக்கும் பைக் 46 கிராம், 15 கொடுக்கும் பெட்ரோல் கார் 154 கிராம். 600-ஐ 46-ஆல் வகுத்தால் 13. ஆக, 13 பேருக்குக் கீழே ஏற்றிக்கொண்டு ஓடும் பஸ்ஸைவிட, அத்தனை பேரும் ஆளுக்கொரு பைக்கில் போனாலே புகை குறைவு! அதே வண்டியில் 50 பேர் இருந்தால் தலைக்கு 12 கிராம்தான். எப்படியும் ஓடப்போகிற வண்டியில் கூடுதலாக ஒருவர் ஏறுவதால் டீசல் செலவு கூடுவதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். எனவே தொழில்நுட்பத்துக்கு இங்கே உள்ள வேலை, ஏற்கெனவே ஓடும் வண்டியின் காலி சீட்டை நிரப்புவது. புது வண்டி கேட்பது அடுத்த கட்டம்.

சீட் ஏன் காலியாக இருக்கிறது? நாகர்கோவில்–திருவனந்தபுரம் நேர் வண்டி கிடைத்தவருக்குப் பிரச்சினை இல்லை. இரு மாநில எல்லையில் உள்ள களியக்காவிளையில் இறங்கி மாறுகிறவருக்குத்தான் தலைவலி. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதனால் எல்லைவரை அதில் வந்து, அங்கிருந்து கேரள அரசு பஸ்ஸில் ஆர்டினரியோ ஃபாஸ்ட் பாசஞ்சரோ பிடிப்பது சிக்கனம். ஆனால் அடுத்த வண்டி 5 நிமிடத்திலா 35 நிமிடத்திலா என்று யாருக்கும் தெரியாது. இந்தத் தெரியாமைதான் பைக் வாங்க வைக்கிறது. இரு மாநில அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் தகவலும் எல்லையோடு நின்றுவிடுகிறது. ஒட்ட வேண்டியது அந்த இடத்தைத்தான்.

ஒட்டுவதற்கு முதல் பொருள் கால அட்டவணை. அதை ஜிடிஎஃப்எஸ் (ஆப்கள் படிக்கும் பொதுவான அட்டவணை வடிவம்) வடிவத்தில் எழுதுங்கள். கூகுளும் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் சேர்ந்து 2005 வாக்கில் உருவாக்கிய எளிய டெக்ஸ்ட் கோப்புகள்தான்; நிறுத்தம், தடம், நடை (வண்டி ஒருமுறை ஓடும் ஓட்டம்), ஓடும் நாள் என்று தனித்தனிக் கோப்பு. கொச்சி மெட்ரோ 2018-லேயே தன் அட்டவணையை இந்த வடிவத்தில் வெளியிட்டுவிட்டது. ஆகவே எல்லைக்கு அந்தப்பக்கம் இது புதுச் சரக்கு அல்ல.

நிறுத்தங்களைப் பதியும்போதுதான் பெரும்பாலோர் சறுக்குவார்கள். நிழற்குடை இருக்கும் இடத்தைப் பதியாதீர்கள், வண்டி நிஜமாக நிற்கும் இடத்தைப் பதியுங்கள். போகும் பக்கம், வரும் பக்கம் இரண்டுக்கும் தனி எண். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் போதும், ஒரு மீட்டர் அளவுக்குத் துல்லியம் வந்துவிடும். களியக்காவிளையில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று பிரித்துப் பதிந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடக்க 4, 5 நிமிடம் என்று மாற்று நேரத்தையும் எழுத வேண்டும். பெயர்களைத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் கொடுக்கத் தனிக் கோப்பு உண்டு. கழகங்கள் கொடுக்கும் நேரம் நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, தம்பானூர் (திருவனந்தபுரம் பஸ் ஸ்டாண்ட்) போன்ற முக்கிய இடங்களுக்குத்தான் இருக்கும். இடைநிறுத்தங்களின் நேரம் தூரக் கணக்கில் போட்டது என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதை உறுதியான நேரமாக நம்பி வந்து ஏமாறுவார்கள். நள்ளிரவு தாண்டி ஓடும் நடைக்கு 00:20 என்று எழுதினால் வண்டி முந்தின நாளுக்குத் தாவிவிடும், 24:20 என்றுதான் எழுத வேண்டும்.

விடுமுறைக் கோப்பில் எல்லைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஓணத்துக்குக் கேரளா முழுக்க விடுமுறை, கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். பொங்கலுக்கு நிலைமை வேறு. இரு பக்கத்துக்கும் தனி நாட்காட்டி வைக்காவிட்டால் அன்றைக்கு இல்லாத வண்டியைக் காட்டும். ஹர்த்தால் (முழு அடைப்பு) அன்று வண்டி எல்லையோடு திரும்பும் என்பதை நாட்காட்டியில் போட முடியாது. அதற்கு உடனடி அறிவிப்பு வசதிதான் வழி.

அடுத்தது ஜிபிஎஸ். 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பொதுப் பயணிகள் வாகனங்களுக்கு ஏஐஎஸ் 140 என்ற இந்தியத் தரத்துக்கு ஏற்ற, இருப்பிடம் அனுப்பும் கருவி கட்டாயம். ஓடும்போது 5 விநாடிக்கு ஒருமுறைகூட இருப்பிடத்தை அனுப்பும்படி அதை அமைக்கலாம். புதுக் கருவிக்குப் பணம் கேட்பதற்கு முன், ஏற்கெனவே மாட்டியதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். வழக்கமான பழுது மின்வயரில்தான். கருவியின் இக்னிஷன் வயரைத் தப்பான இடத்தில் கொடுத்திருந்தால் வண்டி ஓடும்போதும் கருவி தூங்கும். இரவில் டிப்போவில் பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்தால் உள் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். காலை முதல் நடைக்குக் கருவி புதிதாகச் செயற்கைக்கோளைத் தேடிப் பிடிப்பதற்குள் வண்டி ஸ்டாண்டை விட்டே போயிருக்கும்.

எல்லையில் இன்னொன்று நடக்கும். தமிழ்நாட்டுத் தொலைத்தொடர்பு வட்டத்திலிருந்து கேரள வட்டத்துக்குக் கருவியின் சிம் மாறும் நேரத்தில் இணைப்பு அறுந்தால், கருவி இருப்பிடங்களைச் சேமித்து வைத்துப் பிறகு மொத்தமாக அனுப்பும். நேரலைத் தகவலுக்கு 'எல்', பழையதற்கு 'எச்' என்று ஒவ்வொன்றிலும் குறி இருக்கும். சர்வரில் இந்தக் குறியைப் பார்க்காமல் விட்டால், பாறசாலையில் இருக்கும் வண்டி திடீரென்று குழித்துறைக்குப் பின்னோக்கிப் பாய்வதாக வரைபடம் காட்டும். 'எச்' வந்தால் ஆய்வுக்கு மட்டும் எடுத்து வையுங்கள், திரைக்கு அனுப்பாதீர்கள். மார்த்தாண்டம் மேம்பாலமும் இப்படித்தான். மேலே போகும் வண்டிக்கும் கீழே போகும் வண்டிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை ஒன்றே. கீழே நிறுத்தத்தில் காத்திருப்பவருக்கு "வந்துவிட்டது" என்று காட்டும், வண்டியோ தலைக்கு மேலே போயிருக்கும். பாலத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு சோதனைப் புள்ளி வைத்து, கடந்த நேரத்தையும் நின்றதா என்பதையும் பார்த்தால் ஓரளவு பிரிக்கலாம்.

வருகை நேரத்தைக் கணிக்கச் செயற்கை நுண்ணறிவு வேண்டும் என்று யாராவது கொட்டேஷன் கொடுத்தால் ஓரமாக வையுங்கள். கடந்த நான்கு வாரத்தில் அதே கிழமை, அதே மணி நேரத்தில் ஒவ்வொரு துண்டுச் சாலைக்கும் ஆன நேரங்களின் நடு எண் (வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது), கூடவே சற்றுமுன் போன இரண்டு வண்டிக்கு நிஜமாக ஆன நேரம். இந்த இரண்டையும் கலந்தாலே பாலராமபுரம் சந்திப்பின் காலை நெரிசல்வரை நன்றாகப் பிடித்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் திட்டம் கவிழும் இடம் வேறு: எந்த வண்டி எந்த நடையை ஓட்டுகிறது என்பது. காலையில் ஒரு வண்டி பிரேக்டவுன், ஸ்பேர் வண்டி ஏற்றிவிடுகிறார்கள். நேரக் காப்பாளர் நோட்டில் எழுதுகிறார், சர்வருக்குத் தெரியாது. ஆப்பில் பழைய வண்டி டிப்போவிலேயே நிற்கும். இதற்கு நல்ல தீர்வு கண்டக்டர் கையில் இருக்கும் டிக்கெட் மெஷின்தான். நடை தொடங்கும்போது அவர் ஷெட்யூல் எண்ணை எப்படியும் அதில் போடுகிறார். அதோடு வண்டி எண்ணையும் சேர்த்துப் போட வைத்தால் ஜிபிஎஸ்ஸும் அட்டவணையும் இணைந்துவிடும். டிரைவருக்குத் தனியாக டேப்லெட் கொடுக்கும் யோசனை வேண்டாம், ஓட்டுகிறவருக்குக் கூடுதல் வேலை கொடுக்கக் கூடாது.

ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு ஸ்டாண்டில் பலகை வேண்டும். பி10 வகை எல்இடி பேனல் ஒன்று 32 × 16 ஒளிப்புள்ளி, 32 × 16 சென்டிமீட்டர். நான்கு பேனலை வரிசையாக வைத்தால் 1.28 மீட்டரில் ஒரு வரி. ஆனால் 16 புள்ளி உயரத்தில் தமிழ் எழுத்தைப் போட்டால் மெய்யெழுத்தின் மேற்புள்ளி வெட்டுப்படும், 'கு', 'மு' வகையறாவின் கீழ்ச்சுழி நசுங்கும். ஒரு வரிக்கு இரண்டு அடுக்கு பேனல், அதாவது 32 புள்ளி உயரம் கொடுங்கள். தமிழும் மலையாளமும் 5 விநாடிக்கு ஒருமுறை மாறி மாறி வரட்டும். வண்டியிடமிருந்து தகவல் வந்து 90 விநாடி தாண்டிவிட்டால் "3 நிமிடம்" என்று பிடிவாதமாகக் காட்டாமல், அட்டவணை நேரத்துக்கு மாறி "அட்டவணைப்படி" என்று போட வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டு தடவை பொய் சொன்ன பலகையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஒரே அட்டையில் இரு மாநில டிக்கெட்டும் எடுக்கும் வசதியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். தேசியப் பொது அட்டை 2019-லேயே வந்துவிட்டது. ஆனால் இரு பக்க டிக்கெட் மெஷினும் அதை ஏற்க வேண்டும், வசூலைப் பிரிக்கக் கழகங்களுக்குள் ஒப்பந்தம் வேண்டும். இழுபறியான வேலை. அதுவரை யுபிஐ சில்லறைத் தகராறையாவது குறைக்கும்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க ஆப்பை எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற எண்ணை எடுக்காதீர்கள். டிக்கெட் மெஷினின் ஸ்டேஜ் (கட்டணப் பிரிவு நிறுத்தம்) வாரிக் கணக்கில் களியக்காவிளையில் ஏறியவர்களை மணிவாரியாக எடுங்கள். பலகை வைப்பதற்கு முந்தைய ஆறு வாரம், பிந்தைய ஆறு வாரம். செவ்வாய் முதல் வியாழன் வரை மட்டும். ஓணம், பள்ளி விடுமுறை வரும் வாரங்களைத் தள்ளிவிடுங்கள். மகளிர் இலவச டிக்கெட்டையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். வசூலை மட்டும் பார்த்தால் அவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள்.