புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்குச் சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது, என்ன செய்வது?

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை முழுசா எடுத்தாச்சு, மூத்திர டியூப் எடுத்து 3 வாரம் ஆகுது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்த ஒழுக்கு எதிர்பார்த்ததுதான். எனக்கும் திருவனந்தபுரத்தில் இதே ஆபரேஷன் நடந்தது. வீடு களியக்காவிளைப் பக்கம்.

மூத்திரப்பையின் வாயைத் தானாக மூடி வைத்திருக்கும் தசை, புராஸ்டேட்டோடு பெரும்பாலும் போய்விடுகிறது. கீழே இருக்கிற இன்னொரு தசைதான் இனி தனியாகக் காவல் நிற்க வேண்டும். அதற்குப் பலம் வர, பலருக்கு 3 மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆகும். படுத்திருக்கும்போது ஒழுக்கு குறையும், சாயந்திரம் தசை சோர்ந்ததும் கூடும். ராத்திரி நனையாமல் விடிந்தால் நல்ல சேதி.

அந்தத் தசையை இறுக்கித் தளர்த்திப் பலப்படுத்தும் கேகல் பயிற்சியை எல்லோரும் சொல்வார்கள். பாதிப் பேர் மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்கிக்கொண்டு இருப்பதைத்தான் பயிற்சி என்று நினைக்கிறார்கள். நாலு பேர் நடுவே வாயுவை அடக்குவோமே, அந்த இடத்தை மட்டும் உள்ளே இழுக்க வேண்டும். 10 எண்ணும்வரை பிடித்து, பிறகு அதே அளவு நேரம் தளர விடணும்; வேளைக்கு 10, நாளுக்கு 3 வேளை. முதலில் 3, 4 எண்ணுவதே பெரிசு. மூத்திரம் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டாம்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது வேறு: இருமும் முன், நாற்காலியிலிருந்து எழும் முன் ஒரு இறுக்கு. தம்பானூர் பஸ்ஸின் முதல் படி எவ்வளவு உயரம் என்று தெரியுமே! காலைத் தூக்கும் முன் இறுக்கினால் சொட்டாது, தூக்கியபின் இறுக்கிப் பிரயோஜனம் இல்லை.

மெடிக்கலில் கேட்டால் பெரிய டயப்பரை நீட்டுவார்கள். நம்ம ஊர்ப் புழுக்கத்துக்குத் தொடையிடுக்கு வெந்துபோகும். ஆண்களுக்கென்றே முன்பக்கம் குழிவாக ஒரு சின்ன பேட் உண்டு, ஆன்லைனில் கிடைக்கும். வெறும் சாரத்துக்குள் (லுங்கிக்குள்) அது நிற்காது, இறுக்கமான ஜட்டி வேணும். நனைந்தால் உடனே மாற்றி, கழுவி, ஈரம் ஒற்றிவிட வேண்டும்.

பயந்து தண்ணீரைக் குறைக்க விடாதீர்கள். மூத்திரம் கடுத்து, அவசரம்தான் கூடும். குறைக்க வேண்டியது கட்டன் சாயா, அதாவது பால் விடாத டீ. (எங்கள் ஊரில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.) மலச்சிக்கலும் பீடி இருமலும்கூட ஒழுக்கைக் கூட்டும்.

காய்ச்சல், இரத்தக்கட்டி, மூத்திரம் அடைத்துக்கொள்வது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு வருஷம் தாண்டியும் பேட் பேடாக நனைந்தால் யூராலஜிஸ்டிடம் ஸ்லிங் (மூத்திரக் குழாயைத் தாங்க உள்ளே வைக்கும் பட்டை) பற்றியும் செயற்கை வால்வு பற்றியும் கேளுங்கள். வால்வுக்கான குட்டி பம்பை விதைப்பைக்குள் வைப்பார்கள். அதை அமுக்கினால் மூத்திரம் போகும், பிறகு தானாக மூடிக்கொள்ளும்.