குடல்வால் ஆபரேஷன் முடிந்து 9ஆம் நாள் காய்ச்சல்: உள்ளே சீழ் இருக்குமா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கும் அப்பாவுக்கு வெடித்த குடல்வாலை எடுத்து 9 நாள் ஆகிறது. சாயந்திரமானால் நடுக்கத்தோடு காய்ச்சல். தையல் சுத்தமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: மலைக்குளிர் என்று ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள், நாளைக்கே சர்ஜனிடம் காட்டுங்கள். மேல் தையல் காய்ந்தாலும் உள்ளே சீழ் தேங்கியிருக்கலாம். இடுப்புக்குழியில் தேங்கினால் சளி கலந்த பேதியும் அடிக்கடி சிறுநீரும் வரும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று பேதியை நிறுத்த மாத்திரை கொடுத்து நாளைக் கடத்துவது இங்கேதான்.

அல்ட்ராசவுண்டில் குடல் காற்று சீழை மறைத்துவிடலாம். 'ஒன்றுமில்லை' என்று வந்தும் காய்ச்சல் நிற்காவிட்டால் கான்ட்ராஸ்ட் சி.டி. (நரம்பில் சாய மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேன்) தேவை, அதற்கு முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பார்கள்.

சீழ்ப்பை 3 செ.மீ.க்குள் என்றால் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் ஊசியே போதும். பெரிதானால் போதாது, சீழ்ப்பைக்குள் மருந்து சரியாக எட்டாது. ஸ்கேன் பார்த்தபடியே தோல் வழியாக பிக்டெயில் என்ற மெல்லிய வடிகுழாய் போடுவார்கள். நுனி சுருண்டு உள்ளே பிடித்துக்கொள்ளும். எடுத்த சீழ் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று பார்க்கும் பரிசோதனை) போயிற்றா என்று கேளுங்கள்.

அதன்பின் பெரிய தொல்லை குழாய் அடைப்பு. நர்ஸ் தினமும் 5 முதல் 10 மி.லி. சலைன் செலுத்திக் கழுவுவார்; உள்ளே போகாமல் எதிர்த்தால் அழுத்தக்கூடாது. சீழ் வருவது நின்று காய்ச்சல் ஏறினால் அது குணமல்ல, அடைப்பு. குழாயில் மலம்போல் வந்தால் குடலில் ஓட்டை. மேட்டுப்பாளையம் இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் குழாய் இழுபடும்: உடலோடு பிளாஸ்டர் ஒட்டி, பையை இடுப்புக்குக் கீழே வையுங்கள். காய்ச்சல் விட்டு, வடிவது நாளுக்கு 10–20 மி.லி.க்குக் கீழ் போனதும் குழாயை எடுத்துவிடுவார்கள்.

வயிறு பலகைபோல் இறுகினாலோ பேச்சு குழறினாலோ உடனே 108.