ஊட்ட ஊட்ட ஏன் மெலிகிறார்?

கேள்வி: மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் வசிக்கிறோம். என் கணவருக்கு 61 வயது. கணையத்தில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது. ஆறு மாதங்களுக்கு முன் 64 கிலோ இருந்தவர், இப்போது 53 கிலோ. விரால் மீன் குழம்பு, முட்டை, சத்துமாவுக் கஞ்சி என்று வேளாவேளைக்குக் கொடுத்தும் இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. நான் சரியாகக் கவனிக்கவில்லை என்று நாத்தனார் குறைப்படுகிறார். டிரிப்ஸாவது ஏற்றுங்கள் என்றால் மருத்துவர் மறுக்கிறார். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கணவர் மெலிவதற்கு உங்கள் கவனிப்பு காரணமல்ல, இதை நாத்தனாருக்கும் படித்துக் காட்டுங்கள். ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை தானாகக் குறைந்தாலே அதைப் புற்றுநோய் மெலிவு என்று மருத்துவம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. உங்கள் கணவர் இழந்திருப்பது 17 சதவீதம். வெறும் பட்டினியில் உடல் தன் செலவைச் சுருக்கிக்கொண்டு, கொழுப்பை முதலில் எரித்து, தசையை முடிந்தவரை காப்பாற்றும். இந்த மெலிவிலோ கொழுப்போடு தசையும் சேர்ந்தே கரைகிறது. கட்டியும், அதை எதிர்க்கும் நோய் எதிர்ப்பு அணுக்களும் இன்டர்லூக்கின்-6 போன்ற, அழற்சியை (உடலின் எதிர்ப்பு எரிச்சலை) மூட்டும் பொருள்களை இரத்தத்தில் ஓயாமல் கலந்துகொண்டிருப்பதால், கல்லீரல் அழற்சிக்கான புரதங்களைத் தயாரிப்பதில் முனைகிறது. அதற்கு வேண்டிய மூலப்பொருள் தசையிலிருந்து உருவப்படுகிறது. அதே பொருள்கள் மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் பகுதியையும் மந்தப்படுத்துவதால், சோற்றின் வாசனை வந்தாலே அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அது வீம்பு அல்ல. ஆகவே, சாப்பிடாததால் மட்டும் அவர் மெலியவில்லை. மெலிய வைக்கும் நோயே சாப்பாட்டையும் தடுக்கிறது.

டிரிப்ஸ் விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொல்வது சரி. அரை லிட்டர் சாதாரண குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ்தான். இரண்டு இட்லியில் கிடைப்பதைவிட அதிகச் சக்தி அதில் இல்லை. இரத்தத்தில் நீரைப் பிடித்துவைக்கும் புரதமான அல்புமின் குறைந்திருப்பவருக்கு அந்த நீர் காலிலும் வயிற்றிலும் தேங்கி, மூச்சுத் திணறலையும் கொண்டுவரலாம். கடும் வாந்தி, பேதியால் நீர் வற்றிப் போயிருந்தால் மட்டும் அது வேறு கதை.

இனி, கேட்டு வாங்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். கணையம் பழுதானால் கொழுப்பைச் செரிக்கும் நொதி சுரக்காது. மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு மிதந்து, தண்ணீர் ஊற்றினாலும் கழிப்பறைப் பீங்கானில் ஒட்டிக்கொண்டு போகாமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் நொதி மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துத் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். நீங்கள் வைக்கும் மீன் குழம்பு உடம்பில் ஒட்டுவதற்கு அது அவசியம். நாக்கில் தயிர்த் திட்டுபோல் வெண்படலம், வலி மாத்திரையால் வரும் மலச்சிக்கல், அடங்காத வலி, ஏறிய சர்க்கரை ஆகிய ஒவ்வொன்றும் பசியைக் கெடுக்கும். ஒவ்வொன்றுக்கும் மருந்து உண்டு. இவை கேட்கப்படாமலே விடுபட்டுப்போவதுதான் என் ஆதங்கம்.

பசிக்கான மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் சில வாரங்களுக்குப் பலன் தரும். நாள்பட்டால் அதுவே தசையைத் தின்னும். மெஜஸ்ட்ரால் எடையைக் கூட்டும் என்றாலும், கூடுவதில் பெரும்பகுதி கொழுப்பும் நீரும்தான். இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. நம் பக்கத்துப் புதுச்சேரி ஜிப்மரில் இரைப்பை, கணையம்-கல்லீரல் பகுதி, நுரையீரல் ஆகியவற்றில் முற்றிய புற்றுநோய்க்குக் கீமோ தொடங்கிய 124 பேரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் தினம் 2.5 மில்லிகிராம் ஓலான்சபின் தந்து நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. அந்த மருந்தைப் பெற்றவர்களில் 60 சதவீதத்தினருக்கு 5 சதவீதத்துக்கு மேல் எடை கூடியது. பெறாதவர்களில் 9 சதவீதத்தினருக்கே கூடியது. மனநோய்க்குப் பெரிய அளவில் தரப்படும் மாத்திரை இது என்பதால் பெயரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், தூக்கம் வரலாம். உங்கள் கணவருக்கு ஏற்றதா என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, பலருக்குக் காலையில்தான் கொஞ்சம் பசி இருக்கும். முட்டையையும் மீனையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். பிறகு கேட்டபோது கேட்டதை, சிறு கிண்ணத்தில். அவர் கேட்பது பழையதும் மோர்மிளகாயும் என்றால் அதுவே சரி. திண்ணையிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்கார்ந்தால் தசைக்கு நல்லது. நோய் இன்னும் முற்றி, படுத்த படுக்கையான பின் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். வாயை ஈரமாக வைத்திருந்து, வேண்டியதை மட்டும் கொடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணப் பராமரிப்புக்கும் இயன்முறை சிகிச்சைக்கும் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

கேள்வி: நுரையீரல் புற்றுநோய் உள்ள என் அம்மாவுக்கு, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையில் 48 என்று வந்தது. காய்ச்சல் இல்லை, ஆன்டிபயாடிக் தரவில்லை. மஞ்சள் கேப்சூல் அழற்சியைக் குறைக்குமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: கிருமித் தொற்று இல்லாமலும் புற்றுநோயே சி.ஆர்.பி.யை உயர்த்தும். காய்ச்சல், சளி, சிறுநீர் எரிச்சல் எதுவும் இல்லையென்று பார்த்துவிட்டு மருத்துவர் ஆன்டிபயாடிக்கைத் தவிர்த்திருந்தால் அது சரியே. இந்த எண் உயர்ந்தும் அல்புமின் தாழ்ந்தும் இருந்தால் மெலிவு தீவிரமாகிறது என்று பொருள். ஆகவே மாதம் ஒருமுறை எடையைக் குறித்து வையுங்கள். குழம்பில் போடும் மஞ்சளால் கெடுதல் இல்லை. செறிவூட்டிய கேப்சூல் இந்த மெலிவைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அது சில மருந்துகளோடு மோதவும் கூடும். அம்மா இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவரானால், மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.